கத்தோலிக்கப் பள்ளியில் இறைநம்பிக்கையும் தலைமைப்பணியும்: ஓர் எளிய அறிமுகம்

புனிதர் ஒருவரின் பெயர், வளாகத்தில் ஒரு சிற்றாலயம், காலைக் கூட்டத்தில் ஒரு செபம் ஆகியவை இருந்தால் அது கத்தோலிக்கப் பள்ளி என்பதே பலருடைய எண்ணம். திருச்சபை இதை இன்னும் கறாராக வரையறுக்கிறது. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 803-ஆம் எண், உரிய திருச்சபை அதிகாரியோ, திருச்சபைச் சட்டப்படி பொதுச் சட்ட ஆளுமை (திருச்சபையின் பெயரால் செயல்படும் உரிமை) பெற்ற துறவற சபை போன்ற ஓர் அமைப்போ நடத்துகிற பள்ளியை, அல்லது திருச்சபை அதிகாரி எழுத்துமூலம் ஏற்றுக்கொண்ட பள்ளியைக் கத்தோலிக்கப் பள்ளி என்கிறது. அங்கே தரப்படும் கல்வி கத்தோலிக்கக் கொள்கைகளில் ஊன்றியிருக்க வேண்டும் என்றும், ஆசிரியர்கள் சரியான போதனையிலும் நேர்மையான வாழ்விலும் சிறந்து விளங்க வேண்டும் என்றும் அதே எண் தொடர்ந்து கூறுகிறது. நடைமுறையில் கத்தோலிக்கத் தன்மை கொண்டதாகவே இருந்தாலும், திருச்சபை அதிகாரியின் இசைவு இல்லாமல் ஒரு பள்ளி அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது.

பள்ளி யாருடைய பொறுப்பில் நடக்கிறது என்பதை ஆவணங்களைப் புரட்டித் தெரிந்துகொள்ளலாம். அது எந்த உணர்வோடு நடக்கிறது என்பதோ, சேர்க்கை முதல் தண்டனை வரை அன்றாடம் எடுக்கப்படும் நூற்றுக்கணக்கான சிறு முடிவுகளில்தான் தெரியவரும். அந்த முடிவுகளில் பெரும்பாலானவை தலைமை ஆசிரியரின் மேசைக்கு வந்துதான் போகின்றன. கத்தோலிக்கக் கல்வியைப் பற்றிய பேச்சில் இறைநம்பிக்கையும் தலைமைப்பணியும் எப்போதும் இணைத்தே பேசப்படுவதற்குக் காரணம் இதுதான். உலகம் முழுவதும் மழலையர் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரை 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கத்தோலிக்கப் பள்ளிகளில் 6 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதையும், அவர்களில் பலர் கத்தோலிக்கர் அல்லாதவர் என்பதையும் மனத்தில் கொண்டால், இது திருச்சபையின் உள்வீட்டுப் பேச்சு மட்டுமல்ல என்பது விளங்கும்.

பள்ளித் தலைவருக்கு இறைநம்பிக்கைப் பயிற்சியை யார் தருவது என்ற கேள்வி முன்பு இவ்வளவு கூர்மையாக எழவில்லை. 1535-இல் இத்தாலியின் பிரேஷ்ஷா நகரில் புனித ஆஞ்சலா மெரிச்சி உர்சுலா சபையைத் தொடங்கினார். 1597-இல் புனித யோசேப்பு கலசான்ஸ் ஏழைப் பிள்ளைகளுக்கு உரோமை நகரில் இலவசப் பள்ளியைத் திறந்தார். 1599-இல் இயேசு சபையினர் தங்கள் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுவான கல்வித் திட்டத்தை வெளியிட்டார்கள். 1680-இல் பிரான்சில் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால், ஆசிரியப் பணியையே வாழ்க்கையாகக் கொண்ட அருள்சகோதரர்களின் சபையைத் தொடங்கினார். இத்தகைய சபைகளின் பள்ளிகளில் தலைமைப் பொறுப்புக்கு வருகிறவர் துறவு வாழ்வுக்கான தொடக்கப் பயிற்சியாகிய நவசந்நியாசத்தைக் கடந்தவராக, நாள்தோறும் குறித்த நேரத்தில் செபிக்கிறவராக, சபை நிறுவுநரின் எண்ணத்தைப் பல ஆண்டுகள் உள்வாங்கியவராக இருந்தார். அவருடைய நம்பிக்கைப் பயிற்சியைப் பற்றிப் பள்ளி நிர்வாகம் தனியாகக் கவலைப்பட வேண்டிய தேவையே இருக்கவில்லை; துறவு இல்லம் அதைச் செய்து முடித்தே அவரை அனுப்பியது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நாடுகளில் துறவு வாழ்வைத் தேர்ந்து வருவோர் வேகமாகக் குறைந்தார்கள். அமெரிக்காவின் கத்தோலிக்கப் பள்ளிகளில் 1920-ஆம் ஆண்டு வாக்கில் ஆசிரியர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் குருக்களும் துறவியருமாக இருந்தார்கள். இன்று 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினர். எல்லா நாடுகளிலும் மாற்றம் இதே அளவில் இல்லை என்றாலும், போகும் திசை பரவலாக இதுதான். தலைமை ஆசிரியரின் இருக்கையில் இன்று குடும்பமும் பிள்ளைகளும் உள்ள ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் நிர்வாகப் படிப்பு படித்திருப்பார், தேர்வு முறைகளையும் அரசு விதிகளையும் நன்கு அறிந்திருப்பார். ஆனால் முந்தைய தலைவர் துறவு இல்லத்தில் பெற்ற அந்த நீண்ட பயிற்சியை இவருக்கு யார், எப்போது, எப்படித் தந்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் தெளிவான விடை கிடைப்பதில்லை. இன்றைய கத்தோலிக்கக் கல்வியின் மையச் சிக்கல் என்று நான் கருதுவது இதைத்தான். கட்டட வசதியும் தேர்ச்சி விழுக்காடும் இதற்கு அடுத்தவையே.

தலைவரின் இறைநம்பிக்கை என்று சொல்லும்போது அவருடைய தனிப்பட்ட பக்தி முயற்சிகள் மட்டும் பொருளல்ல. இன்றைய மனிதர் ஆசிரியர்களைவிடச் சாட்சிகளுக்கே மனமுவந்து செவிமடுக்கிறார், ஆசிரியர்களுக்குச் செவிமடுத்தாலும் அவர்கள் சாட்சிகளாக இருப்பதால்தான் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-இல் கூறி, 1975-இல் வெளியிட்ட நற்செய்தி அறிவிப்பு பற்றிய திருத்தூது ஊக்கவுரையிலும் அதை மீண்டும் எடுத்துரைத்தார். கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றிய பேச்சில் இந்தக் கூற்று ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் மேற்கோளாக வரும். அடிக்கடி கேட்பதாலேயே நாம் அதன் கடுமையை உணராமல் கடந்துவிடுகிறோம். மாணவர்கள் தலைமை ஆசிரியரின் உரையை மறந்துவிடுவார்கள். ஆனால் துப்புரவுப் பணியாளரிடம் அவர் எந்தக் குரலில் பேசினார், தவறு செய்த ஆசிரியரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தாரா, தனியே அழைத்துப் பேசினாரா என்பதை அவர்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். பள்ளி சொல்லும் நற்செய்தியை நம்பலாமா வேண்டாமா என்பதை அவர்கள் தீர்மானிப்பது பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான்.

தலைமை என்பதற்கு நற்செய்தி தரும் பொருளையும் இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். மாற்கு நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில், பிற இனத்தவரின் தலைவர்கள் மக்களை அடக்கி ஆளுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, உங்களிடையே அப்படி இருக்கக் கூடாது, பெரியவராக விரும்புகிறவர் தொண்டராய் இருக்கட்டும் என்று இயேசு கூறுகிறார். யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் அதைச் செய்தும் காட்டுகிறார்: பந்தியிலிருந்து எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீடர்களின் காலடிகளைக் கழுவுகிறார். பணிவிடைத் தலைமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அனைவரும் இந்த நிகழ்ச்சியைச் சொல்வார்கள். அடுத்து வரும் வசனத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் என்னைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் அழைக்கிறீர்கள், அது முறையே என்று இயேசு அங்கே சொல்கிறார். அதாவது அவர் தம் அதிகாரத்தைத் துறக்கவில்லை. அது யாருக்காக என்பதைத் தெளிவாக்கினார். எனவே எல்லாருக்கும் நல்லவராக இருக்க வேண்டும் என்பதற்காகக் கடினமான முடிவுகளைத் தள்ளிப்போடும் தலைமை ஆசிரியர் பணிவிடைத் தலைவர் ஆகிவிட மாட்டார். வகுப்புக்கு ஒழுங்காக வராத ஆசிரியரைத் தட்டிக்கேட்காமல் விட்டால், அதன் விலையை அந்த வகுப்பின் பிள்ளைகள்தான் கொடுக்கிறார்கள்.

பணம் பற்றிய முடிவுகளில் இவை அனைத்தும் ஒன்றாக வந்து சேர்கின்றன. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பருவத்தின் நடுவில், கட்டணம் செலுத்தாதவர்களின் பட்டியல் தலைமை ஆசிரியரின் மேசைக்கு வருகிறது. தேர்வு நெருங்குகிறது; பணம் கட்டாதவர்களுக்கு நுழைவுச் சீட்டு தர வேண்டாம் என்று கணக்குப் பிரிவு கேட்கிறது; வகுப்பில் பெயரை வாசித்து எழுந்து நிற்கச் சொன்னால் இரண்டே நாளில் பணம் வந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். எழுந்து நிற்கும் அந்தப் பிள்ளைக்கு அன்று கணக்குப் பாடமும் ஏறாது, மறைக்கல்வியும் ஏறாது. 1977-இல், வத்திக்கானில் கல்வியைக் கவனிக்கும் துறையான கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் வெளியிட்ட, கத்தோலிக்கப் பள்ளியைப் பற்றிய ஏடு, திருச்சபை தன் கல்விப் பணியை முதன்மையாக ஏழைகளுக்கே வழங்குகிறது என்று கூறுகிறது. வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே, அல்லது பெரும்பாலும் அவர்களுக்கே பள்ளி பயன்பட்டால், அது அநீதியான சமூக அமைப்பு நீடிக்கத் துணைபோவதாக ஆகிவிடும் என்று எச்சரிக்கவும் செய்கிறது.

ஆனால் இதே மேசையின் மறுபக்கத்தில் ஆசிரியர்களின் ஊதியப் பட்டியல் இருக்கிறது. அரசின் நிதி உதவி இல்லாத இடங்களில் அந்த ஊதியம் இதே கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். கத்தோலிக்கப் பள்ளிகளில் பணியாற்றும் பொதுநிலையினரைப் பற்றி அதே பேராயம் 1982-இல் வெளியிட்ட ஏடு, அவர்களுக்குப் போதுமான ஊதியம் முறையான ஒப்பந்தத்தின் வழியாக உறுதிசெய்யப்பட வேண்டும் என்று கேட்கிறது. ஆகவே கட்டணம் முழுவதையும் தள்ளுபடி செய்வதே கிறித்தவச் செயல், வசூலிப்பது உலகச் செயல் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. இரண்டு பக்கமும் நீதியின் கேள்விகளே நிற்கின்றன. இந்த இடத்தில் நம்பிக்கையுள்ள தலைவர் செய்யக்கூடியவை உண்டு. பட்டியல் வகுப்பறைக்குப் போகாதபடி தடுத்து, பெற்றோரைத் தனியே, தாம் நேரில் சந்திக்கலாம். உதவி தேவைப்படுவோருக்கான நிதியை ஆண்டின் தொடக்கத்திலேயே வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரியாக எழுதிவிடலாம். அலங்கார நுழைவாயிலா, அந்த நிதியா என்ற கேள்வி வரும்போது நுழைவாயிலை ஒத்திவைக்கலாம். ஒரு பள்ளியின் இறைநம்பிக்கையை அறிய விரும்புகிறவர் அதன் ஆண்டு மலரைவிட வரவுசெலவுத் திட்டத்தைப் படிப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

பிற சமயத்தைச் சேர்ந்த மாணவர்களின் கேள்விக்கு வருவோம். உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறித்தவக் கல்வியைப் பற்றிய தன் அறிக்கையை 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்டது. கிறித்தவமல்லாத சமயங்களுடன் திருச்சபைக்குள்ள உறவைப் பற்றிய அறிக்கையும் அதே நாளில்தான் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று சமய உரிமை பற்றிய அறிக்கை வந்தது. இம்மூன்றையும் சேர்த்துப் படிக்கிறவருக்கு எல்லை எங்கே என்பது புரியும். நற்செய்தியை எடுத்துரைப்பது வேறு, திணிப்பது வேறு. பள்ளி முதலாவதைச் செய்யும் உரிமையைக் கைவிடாது, இரண்டாவதைச் செய்யாது என்பதை 1988-இல் வெளிவந்த, கத்தோலிக்கப் பள்ளிக் கல்வியின் சமயப் பரிமாணம் பற்றிய ஏடு தெளிவாகவே சொல்கிறது. மறைக்கல்வி என்பது ஏற்கெனவே நம்பிக்கை கொண்டவர்களை அந்த நம்பிக்கையில் வளர்ப்பது என்றும், சமயப் பாடம் என்பது கிறித்தவம் என்ன சொல்கிறது என்பதை அறிவாகத் தருவது என்றும் அது வேறுபடுத்துகிறது. இந்த வேறுபாடு தெரியாத பள்ளியில், இரண்டையும் ஒரே வகுப்பில் குழப்பி, நம்பாத மாணவரை நம்புகிறவர்போல நடிக்க வைக்கும் நிலை வந்துவிடுகிறது. அது அம்மாணவருக்கும் நன்மை செய்யாது, நம்பிக்கைக்கும் பெருமை சேர்க்காது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இன்று அதுவே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. யாருடைய மனமும் புண்படக் கூடாது என்று எண்ணி, செபத்தைச் சுருக்கி, பின்னர் அதை ஒரு பொன்மொழியாக மாற்றி, கடைசியில் இயேசுவின் பெயரையே சொல்லக் கூச்சப்படும் நிலைக்குப் பள்ளி வந்துவிடுகிறது. வேறு சமயத்துப் பெற்றோர் பலர் கத்தோலிக்கப் பள்ளியைத் தேடி வருவதற்கு அங்கே நிலவும் ஒழுங்கும் அக்கறையும் காரணம் என்றால், அவை எந்த ஊற்றிலிருந்து வருகின்றன என்பதை மறைப்பது அவர்களுக்கும் நேர்மையாக நடந்துகொள்வதாகாது. தான் யார் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, வேறு நம்பிக்கை உடையவரின் மனச்சான்றை மதிக்கும் பள்ளியில்தான் உண்மையான உரையாடல் நடக்க முடியும். 2022-இல் வெளியான, உரையாடல் பண்பாட்டுக்காகக் கத்தோலிக்கப் பள்ளியின் அடையாளத்தை விளக்கும் அறிவுறுத்தலும், அதன் தலைப்பிலேயே தெரிவதுபோல, அடையாளத்தையும் உரையாடலையும் ஒன்றுக்கொன்று எதிரானவையாக வைக்காமல் சேர்த்தே பேசுகிறது. பள்ளித் தலைவர் நிறுவனத்தின் மேலாளர் மட்டும் அல்லர், கல்விப் பணியின் தலைவர், அவருடைய பணி திருச்சபையின் மேய்ப்புப்பணியும் ஆகும் என்ற கருத்தும் அதில் இடம்பெறுகிறது.

படிப்பின் தரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சட்டத்தொகுப்பின் 806-ஆம் எண், கத்தோலிக்கப் பள்ளியின் கல்வித் தரம் அப்பகுதியின் பிற பள்ளிகளுக்குக் குறைந்தபட்சம் இணையாக இருக்கும்படி அதன் பொறுப்பாளர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. பக்தி இருக்கிறது என்பதற்காக மோசமான இயற்பியல் வகுப்பை யாரும் மன்னிக்க வேண்டியதில்லை. விரிவடையும் பேரண்டத்தைப் பற்றி 1927-இல் எழுதி, 1931-இல் அதன் தொடக்கத்தைப் பற்றிய கருதுகோளை முன்வைத்த ஜார்ஜ் லெமெத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதை அறிவியல் ஆசிரியர் சொல்லலாம்; ஆனால் அவருடைய சமன்பாடுகளைச் சரியாகக் கற்பிப்பது அதைவிட முக்கியம்.

ஒழுங்குமுறையில் புனித ஜான் போஸ்கோ வகுத்த முறையை இன்றும் தாராளமாகப் பின்பற்றலாம். 1859-இல் சலேசிய சபையைத் தொடங்கிய அவர், தவறு நடந்தபின் தண்டிப்பதைவிட, தவறு நடக்காத சூழலை உருவாக்குவதே கல்வியாளரின் வேலை என்று கருதினார். அறிவுக்குப் பொருந்தும் விளக்கம், சமயப் பற்று, கனிவான அன்பு என்ற மூன்றின்மீது தம் முறையை நிறுத்தினார். 1884-இல் உரோமையிலிருந்து எழுதிய மடலில், இளைஞர்கள் அன்பு செய்யப்பட்டால் மட்டும் போதாது, தாங்கள் அன்பு செய்யப்படுகிறோம் என்பதை அவர்கள் உணரவும் வேண்டும் என்றார். நடைமுறையில் இதன் பொருள், தலைமை ஆசிரியர் இடைவேளையில் விளையாட்டுத் திடலில் இருப்பதும், பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்திருப்பதும், தேர்வில் பார்த்து எழுதிய மாணவரிடம் தண்டனையை அறிவிக்கும் முன்பு என்ன நடந்தது என்று உட்காரவைத்துக் கேட்பதும்தான்.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இன்றைய தலைமைப்பணியைப் பற்றிப் பேச முடியாது. பல நாடுகளில் திருச்சபை நிறுவனங்களில் சிறார் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானதும், நிறுவனத்தின் நற்பெயரைக் காக்கிறோம் என்ற பெயரில் அவை மூடி மறைக்கப்பட்டதும் வெளிவந்த உண்மைகள். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதத்தில் வெளியிட்ட சட்ட மடல், இத்தகைய குற்றங்களைப் பற்றி அறியவரும் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரியிடம் புகார் அளிப்பதைக் கடமையாக்கியது. நாட்டுச் சட்டம் விதிக்கும் கடமைகள் இதனால் எவ்விதத்திலும் குறைவதில்லை என்றும் சொன்னது. பொதுநிலையினரான தலைமை ஆசிரியரை அவருடைய நாட்டுச் சட்டமும், சட்டத்துக்கு முன்பே அவருடைய மனச்சான்றும் கட்டுப்படுத்துகின்றன. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று ஒரு பிள்ளையின் முறையீட்டை அமுக்குகிறவர் எவ்வளவு செபித்தாலும், நற்செய்தி கேட்கும் தலைமையை அவர் கைவிட்டுவிட்டார். சின்னஞ்சிறியவர்களுக்கு இடறலாக இருப்பவரைப் பற்றி மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு பேசும் சொற்களைவிடக் கடுமையானவை நற்செய்தியில் குறைவு.

இவ்வளவு பெரிய சுமையைத் தலைமை ஆசிரியர் ஒருவரே சுமக்க வேண்டும் என்று திருச்சபை எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் பெற்றோரே என்பது வத்திக்கான் சங்கத்தின் போதனை. பள்ளி அவர்களுக்குத் துணைசெய்கிறது. மறைமாவட்ட ஆயருக்குத் தம் எல்லைக்குள் இருக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளை, துறவற சபைகள் நடத்துபவை உட்பட, மேற்பார்வையிடவும் சந்திக்கவும் உரிமை உண்டு. மறைக்கல்வி ஆசிரியர்களை நியமிப்பதும் ஒப்புதல் தருவதும் தலத் திருச்சபை அதிகாரியின் பொறுப்பு. பள்ளியை நிறுவிய சபை தன் தனிவரத்தை, அதாவது நிறுவுநர் வழி வந்த தனித்த உணர்வைக் காக்கிறது, நிர்வாகக் குழு நிதியைப் பார்க்கிறது, ஆசிரியர்கள் வகுப்பறையை நடத்துகிறார்கள். கீழ்நிலையில் செய்யக்கூடியதை மேல்நிலை பறித்துக்கொள்ளக் கூடாது என்ற துணைநிலைக் கோட்பாட்டைத் திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931-இல் சமூகப் போதனையில் எடுத்துரைத்தார். பள்ளிக்கும் அது அப்படியே பொருந்தும். நடைமுறையில் சிக்கல் எழுவது பெரும்பாலும் இந்த எல்லைகளை யாரும் எழுத்தில் வைக்காததால்தான். தாளாளர் வகுப்பு அட்டவணையில் தலையிடுகிறார், தலைமை ஆசிரியர் சபையின் மரபை அறியாமலேயே புதிய இலக்குகளை வகுக்கிறார், பெற்றோர் புகார் சொல்லும் நாளில் மட்டுமே பள்ளிக்குள் வருகிறார்கள்.

மையச் சிக்கல் என்று மேலே சொன்ன பயிற்சிக்கு இப்போது வரலாம். துறவு இல்லம் பல ஆண்டுகளில் தந்ததை ஒரு நாள் கருத்தரங்கு தந்துவிடாது. பொதுநிலைத் தலைவருக்குத் தேவையானவற்றை ஓரளவு துல்லியமாகவே சொல்லலாம்: விவிலியத்தையும் திருச்சபையின் சமூகப் போதனையையும் முறையாகப் படிக்கும் வாய்ப்பு, ஆண்டுக்கு ஒருமுறையாவது தியானத்துக்குச் செல்ல விடுப்பு, பள்ளியை நிறுவியவரின் எழுத்துகளோடு பழக்கம், தம் தடுமாற்றங்களை மனம் திறந்து பேச ஓர் ஆன்ம வழிகாட்டி. இவற்றுக்கான செலவை அவரே ஏற்க வேண்டும் என்று விட்டுவிடும் நிர்வாகம், தன் பள்ளி கத்தோலிக்கப் பள்ளியாகத் தொடர வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. துறவியரும் பொதுநிலையினரும் பகிர்ந்து ஆற்றும் கல்விப் பணியைப் பற்றிப் பேராயம் 2007-இல் வெளியிட்ட ஏடு, இத்தகைய உருவாக்கம் துறைசார் திறனை மட்டுமல்லாமல் ஆன்மிகத்தையும் இறையியலையும் உள்ளடக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. 2022-இல் திருத்தந்தையின் நிர்வாக அமைப்பான உரோமைத் தலைமைச் செயலகம் மறுசீரமைக்கப்பட்டபோது கல்விப் பேராயம் பண்பாட்டுக்கும் கல்விக்குமான துறையாக மாறியது. 2025-இல் வத்திக்கான் சங்கத்தின் கல்வி அறிக்கைக்கு 60 ஆண்டுகள் நிறைவுற்றதையொட்டித் திருத்தந்தை பதினான்காம் லியோ கல்வி குறித்துத் திருத்தூது மடல் ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, கல்விச் சிந்தனையாளரான புனித ஜான் ஹென்றி நியூமனைத் திருச்சபையின் மறைவல்லுநராக, அதாவது அனைவருக்கும் வழிகாட்டும் சிறந்த போதகராக, அறிவித்தார்.

மேலிருந்து ஊக்கம் வருகிறது; ஆயினும் அடுத்த தலைமை ஆசிரியர் யார் என்பது அந்தந்தப் பள்ளியில்தான் முடிவாகிறது. இன்று பல இடங்களில் பணிமூப்பும் தேர்ச்சி விழுக்காடும் பார்த்துப் பொறுப்பு தரப்படுகிறது. நம்பிக்கைப் பயிற்சியைப் பற்றிய பேச்சு நியமனத்துக்குப் பின்புதான் தொடங்குகிறது. அப்போது அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும், நிர்வாக வேலை கழுத்தளவு இருக்கும், படிக்க நேரம் இருக்காது. முப்பது வயதில் இருக்கும் ஆசிரியர்களில் யாரிடம் இந்தப் பணிக்கான மனம் தெரிகிறது என்பதை இப்போதே கவனித்து, அவர்களை இறையியல் படிப்புக்கு அனுப்பி, சிறு பொறுப்புகளைக் கொடுத்துப் பழக்கும் பள்ளிகளுக்குப் பத்தாண்டுகள் கழித்துத் தலைமைக்கு ஆள் தேடி அலைய வேண்டிய நிலை வராது.